கேஜ் வாசலில் துள்ளிய கண்

என் மச்சான் செல்வராஜுக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்க முடியாத இடத்துக்குப் போயிட்டே. எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நாம வேலை பார்த்த தங்க மைனை இந்த வருஷம் மூடிட்டாங்க. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்லை.

போன மாசம் படுக்கையில் புரண்டேன், வீடே சுத்திச்சு. கோலாரில் ஒரு காது டாக்டரம்மா என்னைச் சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு ஒரு பக்கம் திருப்பினாங்க. அறை சுழன்றது. "உங்க மாமனார் கண்ணைப் பாரும்மா, எப்படித் துள்ளுது" என்று மருமகளிடம் காட்டினாங்க. காதுக்குள்ளே நிதானம் பார்க்கிற இடம் கெட்டால் கண் தானாக ஆடுமாம். நிற்கிறவனுக்கும் ஆடுமா என்று கேட்டேன். காதில் இரைச்சலோடு வருகிற வேறொரு கோளாறு இருக்கு, அதில் ஆடும் என்றாங்க.

உடனே உன் நினைப்பு வந்துச்சு. காதுக்குள்ளே பம்ப் ஓடுது, பம்ப் ஓடுதுன்னு நீ எத்தனை நாள் சொன்னே?

நீ தள்ளாடி வந்த அன்னைக்குக் காலை ஷிப்டு. சுரங்கத்துக்குள்ளே ஆளை இறக்குற கூண்டு, அந்தக் கேஜ் வாசலில் ஆள் எண்ணி ஏத்தறவன் நான். குடிச்சவன் எவனும் கீழே இறங்கிடக் கூடாதுன்னு ஒவ்வொருத்தன் முகத்திலும் லாம்பு அடிச்சுப் பார்ப்பேன். நீ சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்தே. உன் கண் ரெண்டும் பக்கவாட்டில் வெட்டி வெட்டி இழுத்துச்சு. குடிச்சவன் கண் அப்படித்தான் ஆடும். வாயில் வாடை மட்டும் இல்லை. கிராம்பு போட்டு மறைச்சிருப்பே என்று நினைச்சேன். "தொடவே இல்லை மச்சான்"னு நீ சொன்னே. அப்பவும் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டிக் கொடுத்தேன். சாகிற வரைக்கும் உன் பேர் குடிகாரன்.

என் தங்கச்சி, உன் பெண்டாட்டி, வருஷா வருஷம் உன் படையலில் இலைக்குப் பக்கத்தில் ஒரு குவார்ட்டர் பாட்டில் வைக்கிறாள். டாக்டரம்மா சொன்னதை அவகிட்ட போய்ச் சொன்னேன்.

"இன்னாண்ணே, செத்தவருக்கு இப்போ காது வைத்தியமா?" என்றாள்.

பாட்டிலையாவது நிறுத்தும்மான்னேன்.

"உசிரோட இருந்தப்போ தினம் திட்டினேன். இப்போவாவது நிம்மதியா குடிக்கட்டும்" என்கிறாள்.

சத்தம் போட்டுட்டு வந்தேன். யார் மேலே கோபப்படறது? லாம்பு பிடிச்ச கை என் கைதானே?

அடுத்த வாரம் உன் தெவசம். அவள் இலை போடறதுக்கு முன்னாடியே போய், அவ கட்டிலில் தலையைத் தொங்கப் போட்டுப் படுக்கப் போறேன். ஒரு சொட்டும் தொடாதவன் நான்னு அவளுக்குத் தெரியும். என் கண்ணும் துள்ளுறதை அவள் பார்க்கட்டும். வாந்தி வந்தாலும் சரி. ஆட்டம் அடங்கினா எழுந்து மறுபடியும் படுப்பேன், அவ பாட்டிலை எடுக்கிற வரைக்கும்.

உன் வாய்ச்சொல்லை நம்பாத உன் மச்சான்,
மாணிக்கம்