நான் போட்ட ‘ஆர்’

1987 ஆகஸ்ட் 14, வெள்ளி

வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்பவர் வீட்டில் ஒருவரும் இருக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம். மேனேஜர் தெளிவாகத்தான் சொன்னார். ஆபீசுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரில், ‘ஆண்ட்’ போட வேண்டிய இடத்தில் ‘ஆர்’ போட்டுவிட்டேன். இரண்டில் ஒன்று இருந்தாலே போதும் என்று அது பெயர்களைப் பொறுக்கிவிட்டது.

மாரியாயிக்கு ஐம்பத்தெட்டு வயது. மகள் இங்கேதான் ரப்பர் மரம் சீவுகிறாள். ஆனாலும் கடிதம் போய்விட்டது.

இன்று காலையில்தான் தவறு கண்ணில் பட்டது. லயத்துக்கு ஓடினேன். லோரியில் சாமான் ஏறியிருந்தது. மகளோடு கலும்பாங் பட்டணத்துக்குப் போகிறாளாம். மேனேஜரும் அங்கே நின்றார். தவறைச் சொல்லாமல், கீழே கிடந்த பாயை எடுத்து லோரியில் வைத்தேன்.

மாரியாயிதான் என்னைத் தேற்றினாள். “கம்ப்யூட்டரே சொல்லிருச்சு லா தம்பி. நீங்க என்னா செய்வீங்க?”

சாயங்காலம் அந்த ஒரு சொல்லை மாற்றிப் பட்டியலை மறுபடி அச்செடுத்தேன். அவள் பெயர் அதில் இல்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இன்னும் யாரிடமும் காட்டவில்லை. நாளைக்கும் காட்டமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.