இரண்டு யானைகளுக்கும் தண்ணீர்

அன்புள்ள மா ஹ்னினுக்கு,

புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளின் காவலில் நீயும் பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் விட்டதா? நான் நலம். சயனப் புத்தரின் பாதத்துக்கு வெள்ளையடிக்கிறோம். கட்டைவிரல் நகமே நம் வீட்டுக் கதவளவு. சாரத்தில் சற்று வழுக்கினேன், சிராய்ப்புதான்.

புதன்கிழமை பிறந்தாள் என்று மட்டும் எழுதியிருந்தாய். அன்றிலிருந்து தினமும் கோயில் முற்றத்தில் புதன்கிழமை பிறந்தவர்களுக்குரிய தந்தமுள்ள யானைச் சிலைக்கு அவளுக்காக நீர் ஊற்றி வேண்டிக்கொண்டேன். நேற்று, கூட வேலை செய்யும் கோ தௌங் கேட்டார்: “காலையிலயா பொறந்தா, மதியத்துக்கு மேலயா?”

“தெரியலையேண்ணே.”

“நல்ல அப்பன்டா நீ! மதியத்துக்கு மேலன்னா தந்தமில்லாத யானைல்ல? இத்தனை நாளும் ஊரான் பிள்ளைக்கு ஊத்தியிருக்கே!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இப்போது இரண்டு யானைகளுக்கும் ஊற்றுகிறேன். பிறந்த நேரத்தை எழுது. நாள் முழுக்க இந்தப் பெரிய பாதத்தையே பார்க்கிறேன். அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு.

கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்பப்போகிறது. காய்ச்சல் விட்டதா என்பதை மட்டும் உன் பதில் கடிதத்தின் உறை மேலேயே எழுதிவிடு. எனக்குப் பிரிக்கத் தைரியமில்லை.

உன்
டின் அவுங்