சம்பந்திக்குத் தெரியக் கூடாது

மார்ச் 4
பேத்தி போனில் தேடிப் பிடித்துவிட்டாள். வீட்டோடு கிடக்கிற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆறு வாரம் பயிற்சி, அஞ்சாவது படித்திருந்தால் போதும். "உனக்குன்னே வெச்ச மாதிரி இருக்கு பாட்டி." சேர்ந்துவிட்டேன். மாத்திரைக்குக்கூட மகன் முகத்தைப் பார்த்து நிற்க என்னால் ஆகாது.

என் பெண்ணின் மாமியாருக்கு மட்டும் தெரியக் கூடாது. சம்பந்தம் பேசும்போது, "எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் அடுத்தவங்க வீட்டுக்கு வேலைக்குப் போனதில்ல" என்று அந்த அம்மாளிடம் அளந்தவள் நான்தானே.

மார்ச் 17
படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டும் பாடம். படுத்திருந்தது பொம்மை. ஆம்பளை பொம்மை. தோளில் கிடந்த துண்டை அதன் இடுப்பில் போட்டுவிட்டுத்தான் பஞ்சைத் தொட்டேன். வகுப்பே சிரித்தது. "அதுக்கு வெக்கம் கிடையாது பாட்டி" என்றாள் பக்கத்துப் பெண்.
எனக்கு இருக்கிறதே.

ஏப்ரல் 20
பாஸ். நீலச் சட்டை இரண்டு, முகக்கவசம் கொடுத்தார்கள். வாங்கியதும் பைக்குள் திணித்துவிட்டேன்.

மே 2
முதல் வீடு. இடுப்பெலும்பு முறிந்த டீச்சரம்மா. வாய் நீளம். ஆனால் என் கை பட்டால் தூங்கிவிடுகிறார்.

மே 9
எப்படி எழுதுவேன். டீச்சரம்மாவுக்கு பெட்பேன் எடுத்துக்கொண்டு நிமிர்கிறேன் — வாசலில் சம்பந்தி. டீச்சரம்மாவோட பழைய சிநேகிதியாம், பழம் வாங்கிட்டு வந்திருக்கா. முகக்கவசத்தைக் கண் வரைக்கும் ஏத்திக்கிட்டேன். "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா"ன்னா. கொடுத்தேன். பாதி தரையில கொட்டிடுச்சு. அவ மீதியைக் குடிச்சா. கண்டுபிடிச்சிருப்பாளோ? என் பொண்ணைக் குத்திக் காட்டுவாளோ?
அவ போற வரைக்கும் பாத்ரூம்ல பெட்பேனைக் கழுவிக்கிட்டே நின்னேன். அது எப்பவோ சுத்தமாயிடுச்சு.

மே 10
பெண்ணுக்குப் போன் பண்ணினேன். "இங்க ஒண்ணும் இல்லம்மா. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"
ஜலதோஷம் என்றேன்.

மே 31
சம்பந்தியே கூப்பிட்டாள். முட்டி ஆபரேஷனாம். "உங்க பொண்ணுக்கு லீவு இல்ல. டீச்சர் வீட்ல பார்த்தேனே, அந்தம்மா மாதிரி ஒருத்தர் கிடைச்சா நல்லாருக்கும். கேட்டுச் சொல்றீங்களா?"

தெரியாதவள் மாதிரி, எந்த டீச்சர் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டுச் சொல்றேன் என்று வாய் வரைக்கும் வந்தது.

"திங்கக்கிழமை நானே வந்துடறேன் சம்பந்தி."

அவள் மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கு உங்களைப் போய் தண்ணி கேட்டுட்டோமேன்னு எனக்குத்தான் ராத்திரியெல்லாம் ஒரே வெக்கம்."

போனை வைத்ததும் நீலச் சட்டை இரண்டையும் துவைத்து, வாசல் கொடியிலேயே காயப் போட்டேன்.