கல்லில் வெட்டிய தேதி

ஓசெர்க்கி,
மே 14, 1975.

அன்பு மகன் பாவெலுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீயும் ரிம்மாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தக் குளிர்க் கடலோரத்தில் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. உருளைக்கிழங்கு இன்னும் நடவில்லை, மண் காயவில்லை. ரிம்மாவின் இருமலுக்குக் காய்ந்த ராஸ்பெரி அனுப்பியிருக்கிறேன். கொதிக்கும் நீரில் போட்டு மூடி வைத்துக் குடிக்கச் சொல், சர்க்கரை போட வேண்டாம்.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு லுக்கேரியாவின் கடிதம் அங்கே வந்து சேர்ந்திருக்கும். அவள் மகன்தான் உன் கப்பலில் சமையல்காரனாயிற்றே. அவள் என்ன எழுதியிருப்பாள் என்று பார்க்காமலே சொல்வேன். 'கிளஃபீராவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. வெற்றி நாள் அன்னிக்கு ஊரே கூடி நிக்கிது, புருஷன் பேரு வெட்டின கல்லு முன்னாடி கூத்தடிச்சா. இப்ப அந்தப் பேரையே சிமெண்டு வச்சுப் பூசிட்டாங்க.' இதில் புத்தி பேதலித்தது மட்டும் பொய். மற்றதெல்லாம் நடந்தது.

நீ மார்ச் மாதம் எழுதியது பெட்டிக்குள் இருக்கிறது. 'அம்மா, சம்மதிச்சிரு. அப்பா பேரு கல்லுல வந்தாப் போதும், வேற எதுவும் எனக்கு வேணாம்' என்று எழுதியிருந்தாய். விமானப் பள்ளி உன்னைத் திருப்பி அனுப்பியபோதுகூட நீ என்னிடம் எதுவும் கேட்டவனில்லை. வாழ்க்கையில் ஒன்று கேட்டாய், அதை நான் சிமெண்டாக்கிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். கோபப்படுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுப் படு.

போச்சின்கோவை உனக்குத் தெரியாது. வலேரியான் செமியோனவிச் போச்சின்கோவ். போர்க்காலத்தில் நம் ஊர் விமானத்தளத்தில் இருந்த தாக்குதல் விமான ரெஜிமென்டில் அரசியல் பிரிவு மேஜர். இப்போது பழைய வீரர்கள் சங்கத்துக்குத் தலைவர். ரெஜிமென்டின் வரலாற்றை எழுதுகிறவனும் அவன்தான். அந்த நினைவுக்கல்லும் அவன் ஏற்பாடுதான். பிப்ரவரியில் என் கேன்டீனுக்கு வந்து, பெரிய மனுஷன் மாதிரி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்து, கல்லில் வெட்டப்போகும் பெயர்களை விரித்துக் காட்டினான். உன் அப்பா பெயர் இருந்தது. ரியபீனின், தீமஃபேய். பக்கத்தில் இறந்த தேதி: ஜனவரி 1943.

நான் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பிறந்தது 1944 பிப்ரவரி.

'இது தப்புன்னு உனக்கே தெரியும்' என்றேன். 'விழுந்த நாள் அதானேம்மா. வானத்துல செத்தான், வீர மரணம், சுத்தமா இருக்கு. அதுக்கப்புறம் நடந்ததைக் கல்லுல வெட்ட முடியுமா?' என்றான். 'அப்ப என் பையன் யாருக்குப் பொறந்தான்?' என்றேன். அவன் சிரித்தான், பாவெல். 'முப்பது வருஷம் ஆச்சு கிளஃபீரா. இனிமே எவ உக்காந்து மாசம் எண்ணப் போறா?' என்றான். எந்த ஊரில் இருக்கிறான் அவன்? நம் ஊர்ப் பெண்களுக்குக் கூட்டல் வராது, கழித்தல் வராது, மாசம் மட்டும் எண்ண வரும்.

இந்தத் தேதியோடு வெட்டலாம், இல்லையென்றால் பெயரே கிடையாது என்றான். கூடவே ஒரு வேண்டுகோள்: கல் திறக்கும் அன்று சங்கத் தலைவரை நம் வழக்கப்படி ரொட்டியும் உப்பும் வைத்து வரவேற்க வேண்டும், அதை ஒரு வீரரின் மனைவி செய்தால் பத்திரிகைப் படம் நன்றாக வருமாம். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் சரி என்று எடுத்துக்கொண்டான்.

இப்போது உன்னிடம் முப்பத்தோரு வருஷமாகச் சொல்லாததைச் சொல்கிறேன். உன் அப்பா அந்த ஜனவரியில் சாகவில்லை. ஓட்டிய விமானத்தோடு விழுந்தார். பின்னால் இருந்த துப்பாக்கிக்காரன் இறந்துபோனான். இவர் பனியில் உருண்டு, காட்டுக்குள் போய், அங்கே மறைந்து போரிட்ட கொரில்லாப் படையோடு சேர்ந்து, மே மாதம் முதல் வாரத்தில் நடந்தே போர்முனையைக் கடந்து விமானத்தளத்துக்கு வந்தார். காலில் பூட்ஸ் இல்லை, சாக்குத் துணி சுற்றியிருந்தது. நான் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பிச்சைக்காரன் நிற்கிறான் என்று நினைத்தேன். 'என்னடி கிளாஷா, எனக்கு மட்டும் சூப் கிடையாதா?' என்று செல்லப் பெயர் சொல்லிக் கேட்டார். கையிலிருந்த தட்டுகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதே.

எதிரி நிலத்திலிருந்து திரும்பி வந்தவனை அப்படியே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். விசாரணை அதிகாரி வந்தான். ரெஜிமென்டில் பொறுப்பில் உள்ளவர் ஒருவர், 'இவன் நம்மாளு, நான் பொறுப்பு' என்று சொன்னால் விட்டுவிடுவேன் என்று அவனே சொன்னான். கமாண்டர் ஏப்ரலில் இறந்து, புதியவர் இன்னும் வரவில்லை. ஆக, பொறுப்பு போச்சின்கோவ் கையில்.

அந்த நேரத்தில் ரெஜிமென்டுக்கு 'காவலர் ரெஜிமென்ட்' என்ற கௌரவப் பட்டமும் புதுக் கொடியும் வரப்போவதாகப் பேச்சு. மேலிடத்தில் பேப்பர் நகர்ந்துகொண்டிருந்தது. முந்தின இலையுதிர்காலத்தில் வரிசையாக வந்து இறங்கிய விமானங்களில், குளிர்காலம் முடிந்தபோது கால்வாசிகூட மிச்சமில்லை. அத்தனை பேர் எரிந்து சம்பாதித்த பட்டம் அது. அதில் ஒரு கறை விழக்கூடாதாம். எல்லாரும் பார்க்க நின்று சொன்னான்: 'இவர் மூஞ்சி எனக்குத் தெரியும். நாலு மாசம் அந்தப் பக்கம் என்ன செஞ்சார்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பொறுப்பேத்துக்க மாட்டேன்.'

உன் அப்பாவுக்கு வாய் அடங்காது. 'நல்லது தோழர் மேஜர். கொடி வந்ததும் எனக்கு ஒரு முழம் கிழிச்சு வைங்க, காலுக்குச் சுத்திக்கிறேன்' என்றார். அதற்கு ஒருத்தனும் சிரிக்கவில்லை.

மெக்கானிக் குஸ்மா அண்ணன் மட்டும் முன்னால் வந்தார். வெறும் சார்ஜன்ட். 'ஐயா, நான் பொறுப்பு. இந்தப் பய என் விமானத்தைத் தொலைச்சுட்டு வந்திருக்கான். நானே ராத்திரி பகலா முடுக்கி வச்ச விமானம். இவனை உதைக்கிற உரிமை எனக்குத்தான் முதல்ல, அதுக்காவது விட்டுட்டுப் போங்க' என்றார். சார்ஜன்டின் வாக்குக்கு என்ன மதிப்பு? அதற்காக அவர் தோளிலிருந்த பதவிப் பட்டையைப் பிடுங்கினார்கள்.

வண்டி வருகிறவரை உன் அப்பாவைக் குளியல் குடிசையில் அடைத்து வைத்தார்கள். காவலுக்கு ஆள் இல்லாமல் குஸ்மா அண்ணனையே போட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு உள்ளே விட்டார். 'கிளாஷா, நான் புகை பிடிக்கப் போறேன், எனக்கு ரொம்ப மெதுவாத்தான் பிடிக்க வரும்' என்று சொல்லிவிட்டுப் போனவர், விடிகிறபோதுதான் வந்தார். இதற்கு மேல் ஒரு தாய் மகனுக்கு எழுத முடியாது. நாங்கள் கிராம சபையில் பதிவு செய்து கல்யாணம் செய்தவர்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதே.

அவரைத் தண்டனைப் பட்டாளத்தில் காலாட்படையாகப் போட்டார்கள். ஆகஸ்டில் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் முடிந்தது. கூட இருந்த ஒருவன் வாய்மொழியாகச் சொல்லியனுப்பினான், காகிதம் எதுவும் வரவில்லை. அதே ஆகஸ்டில்தான் ரெஜிமென்டுக்குக் கொடி வந்தது. எல்லாரும் முழங்காலிட்டு முத்தமிட்டார்கள். நான் உன்னைச் சுமந்துகொண்டு அன்றைய விருந்துக்கு முட்டைக்கோஸ் நறுக்கினேன். பிறகு ரெஜிமென்ட் மேற்கே போயிற்று, நான் வயிற்றோடு இங்கேயே நின்றேன். வாயைத் திறக்கமாட்டேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

கெடுபிடி தளர்ந்து காலம் மாறிய பிறகு இரண்டு முறை மனு போட்டேன். இரண்டு முறையும் ஒரே பதில்: அப்படி ஒருவர் திரும்பி வந்ததாக ரெஜிமென்டின் முன்னாள் அரசியல் அதிகாரிக்கு நினைவில்லை. நினைவில்லையாம்! பத்திரிகையில் மாதம் ஒரு கட்டுரை எழுதுகிறான், எந்த ஊரில் எத்தனை டாங்கி எரித்தோம் என்று பத்தி பத்தியாக நினைவு வருகிறது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? முதலில் உன் தலைக்கு ஆபத்து வரும் என்று பயந்தேன். பிறகு, சாட்சி இல்லாமல் சொன்னால், வழி தவறியவள் கட்டிய கதை என்று நீ நினைப்பாயோ என்று பயந்தேன். பதினான்கு வயதில் நீ அப்பாவைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினாய். எண்ணிப் பார்த்துவிட்டாய் என்று அன்றே எனக்குத் தெரியும். நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது வெற்றி நாளுக்கு, ஒன்பதாம் தேதிக்கு வருகிறேன். முந்தின நாள் மத்தியானம் கேன்டீனில் ஒரு கிழவர் கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு, 'இன்னைக்காவது சூப்புல உருளைக்கிழங்கு போட்டிருக்கியா, இல்ல போர்க்காலம் மாதிரிதானா?' என்றார். குஸ்மா அண்ணன்! யூரல் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்திருக்கிறார். அவர் உயிரோடு இருப்பதே எனக்குத் தெரியாது. உன் கல்யாணப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். 'இது என் விமானத்தைத் தொலைச்ச பயலேதான். இவன் மேல எனக்கு இன்னும் கோபம் தீரலை' என்றார். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அவர் வராதிருந்தால் அந்த ரொட்டியைப் போச்சின்கோவின் காலடியில் போட்டிருப்பேன். ரொட்டியைத் தரையில் போடுவது பாவம் என்று என் அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தப் பாவத்துக்கும் துணிந்துதான் இருந்தேன், அவர் வந்த பிறகு வேறொரு நினைப்போடு விடியற்காலையில் மாவு பிசைந்தேன்.

ஊர் முழுக்கச் சதுக்கத்தில் நின்றது. போச்சின்கோவ் மேடையில் ரெஜிமென்டின் வரலாற்றை வாசித்தான். உருவானது, பறந்தது, எரித்தது, கொடி வாங்கியது, பெர்லின் பக்கம்வரை போனது. துணியை இழுத்தார்கள். கல்லில் உன் அப்பா பெயர், பக்கத்தில் ஜனவரி 1943. எனக்குப் பின்னால் லுக்கேரியா விரலை மடக்க ஆரம்பித்ததை நான் திரும்பாமலே பார்த்தேன்.

வாத்தியம் தொடங்கியது. பூவேலைத் துணியில் ரொட்டி, நடுவில் உப்பு. தொப்பியைக் கழற்றி, தலையைச் சாய்த்து, ஒரு துண்டு பிய்க்க விரலை நீட்டினான். நான் நிற்காமல் அந்த விரலைக் கடந்து போனேன். பதக்கக்காரர்கள் வரிசையைக் கடந்து, லிலாக் செடியோரம் கடைசியில் நின்ற குஸ்மா அண்ணன் முன்னால் போய் நின்று, 'அண்ணே, நீங்க பிய்ங்க' என்றேன். வாத்தியக்காரன் ஒருவன் ஊதுவதை மறந்துவிட்டான்.

போச்சின்கோவ் சிரித்துச் சமாளித்தான். 'பாட்டிக்குக் கண்ணு மங்கிடுச்சு, ஆள் தெரியலை' என்றான். 'கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது வலேரியான்' என்றேன். 'உனக்குத்தான் மே மாசம் தெரியலை. என் புருஷன் சாக்குத்துணி சுத்தின காலோட வந்து நின்னான். நீ கொடிக்காக அவனை வித்துட்டே. இப்ப கல்லுல அவனை முன்கூட்டியே கொன்னு, வித்ததையும் மறைக்கிறே. அவன் ஜனவரியில செத்திருந்தா என் பிள்ளை எப்படிப் பொறந்தான்? ஊரு கேக்குது, பதில் சொல்லு.'

முப்பத்தோரு வருஷம் அடுப்படியில் ஒத்திகை பார்த்த பேச்சு அது, ஒரு வார்த்தை தடுக்கவில்லை. குஸ்மா அண்ணன் ரொட்டியை மென்றுகொண்டே எல்லாரையும் பார்த்து, 'நான் சாட்சி. மே மாசம் வந்தான். காவலுக்கு நின்னவன் நான்தான், கெட்ட காவல்காரன்' என்றார். பெண்கள் யாரோ சிரித்தார்கள், பிறகு யாரோ அழுதார்கள். போச்சின்கோவ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

மறுநாள் நகர சபைத் தலைவி என்னைக் கூப்பிட்டு, தேதியை என் வாய்ச்சொல்லுக்காக மாற்ற முடியாது, இராணுவ ஆவணக் காப்பகம் பதில் தரும்வரை அப்படியே விடவும் முடியாது என்றாள். அதனால்தான் சிமெண்டு. வரிசைக்கு நடுவில் ஒரு சாம்பல் திட்டு. பொய்த் தேதியோடு நிற்பதற்கு அது மேல் என்று நான்தான் சொன்னேன். அதனால் உன் கோபம் என்னிடம் வரட்டும், அவளிடம் போக வேண்டாம்.

நேற்று போச்சின்கோவின் மகள் வந்தாள். அவன் மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறானாம். 'மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவர் நிம்மதியாத் தூங்குவார்' என்று கையைப் பிடித்தாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், தேனும் வைத்தேன். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? ஆனால் சொல்லியனுப்பினேன்: 'தூங்க வேணாம்மா, முழிச்சிருக்கட்டும். மே மாசம் வந்தான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லு. அப்புறம் எப்படி வேணா தூங்கட்டும்.' அவள் தேநீரைக் குடிக்காமல் போய்விட்டாள். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்வார்கள். சொல்லட்டும். அவன் எழுதுவதற்கு முன் செத்தால் அதற்கும் சேர்த்து அவன்மேல் கோபப்படுவேன்.

இனி உன் வேலை. குஸ்மா அண்ணன் சாட்சி எழுதி, பதிவு செய்து கொடுத்துவிட்டார். ஆனால் என் மனு இரண்டு முறை தள்ளப்பட்டது, மூன்றாம் முறை எடுக்க மாட்டார்களாம். பெற்ற பிள்ளை புதிதாக மனு போட்டால் ஆவணக் காப்பகம் விசாரித்தே ஆக வேண்டும் என்று தலைவி சொன்னாள். படிவம் இந்த உறைக்குள் இருக்கிறது. நான் எதையும் நிரப்பவில்லை.

உனக்கு நம்பிக்கை வராவிட்டால் வெறுமையாகவே திருப்பி அனுப்பு. எனக்குப் புரியும், மறுபடி கேட்க மாட்டேன். ஆனால் அதில் ஓர் இடத்தில், இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்கள். பாவெல், அங்கே மகன் என்று எழுது. பேனாவை அழுத்தி எழுது, தாளின் பின்பக்கத்திலும் தெரிகிற மாதிரி.

கடல் உன்னை ஒவ்வொரு முறையும் முழுசாகத் திருப்பித் தரட்டும்.

உன் அம்மா,
கிளஃபீரா.