அப்பாவின் டேப்பும் பல் டாக்டரின் வேலியும்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், உன் அப்பாவின் கடைவாய்ப் பல்லைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? போனில் சொன்னால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் பேச்சைத் திருத்துவார், அதனால்தான் கடிதம்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் நம் இடத்தில் ஒரு முழம் தள்ளி வேலி போட்டுவிட்டார் என்று போன மாதம் அப்பா கிளப்பினார். அவர்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, தன் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மனையைக் குனிந்து குனிந்து அளந்திருக்கிறார். பத்திரப்படி இரண்டு மனையும் ஒரே அளவு, அவர்களுக்கு மட்டும் எப்படிக் கூடியது என்று குதித்தார். நம்முடையதை அளந்தீர்களா என்றால், நம்ம மேலயே நமக்கு என்னடி சந்தேகம் என்கிறார்! வேலியோரம் பெரிய சண்டை. டாக்டர் வீட்டம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள், எனக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குப் பல்வலி. செத்தாலும் அந்த ஆளிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று கிராம்பை அடக்கிக்கொண்டு கிடந்தார்.

அப்பாவே மனு கொடுத்து சர்வேயரை வரவழைத்தார். அவர் படத்தை விரித்து, முக்காலியில் கருவியை நிறுத்தி, புதைந்து கிடந்த மூலைக்கல்லைத் தோண்டிக் கண்டுபிடித்துக் கயிறு கட்டினார். கயிறு வேலிக்கு இந்தப் பக்கமாகவே வந்து நம் சமையலறைச் சுவரில் முட்டி நின்றது. அம்மா, அடுப்பு உங்க இடத்துல இருக்கு, பாத்திரம் தேய்க்கிற தொட்டி டாக்டர் இடத்துல இருக்கு என்றார். இடிக்கச் சொல்லிவிட்டால் நான் எங்கே போய்ச் சமைப்பேன்? அப்பா விடாமல் டேப்பை நீட்டினார். சர்வேயர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஐயா, இது ஏழுல இருந்துல்ல ஆரம்பிக்குது என்றார். நுனி நைந்துவிட்டதென்று எப்போதோ கத்தரித்தது. சட்டைக்கு அளக்கும்போது கழித்துக்கொள்கிறவர், வேலியை அளந்த கோபத்தில் மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே வலி பொறுக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், நானும் கூடப் போனேன். டாக்டர் நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் கருவியை வைத்த பிறகுதான் பேச்சையே எடுத்தார். ஆளில்லாத வீட்டுல பூந்து அளந்தது நியாயமா சார் என்றார். அப்பா, ஆ. செவுத்தை இடிச்சிடலாமா என்றார். அதற்கும், ஆ. உடனே டாக்டர் சிரித்துவிட்டார். எல்லை தாண்டி வளர்ந்திருக்கிற இந்தப் பல்லை மட்டும் எடுத்துடறேன், சமையலறை இருக்கட்டும், பின்பக்கம் அதே அளவு இடத்தை எழுதிக் குடுத்துடுங்க, சர்வேயரே கோடு போட்டுத் தருவாரு என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பா குறுக்கே பேசாமல் ஒருவர் சொன்னதை முழுதாகக் கேட்டது அன்றுதான். டாக்டர் வீட்டம்மா இன்று காலையில் வந்து, என் இடம் எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேன் என்று தொட்டியைத் தட்டிப் பார்த்தாள், இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து டீ ஆறிப்போயிற்று.

நேரத்துக்குச் சாப்பிடு. வேலையிடத்தில் யாரோடும் மல்லுக்கு நிற்காதே, நீ அப்படியே அப்பாதான். வரும்போது அவருக்கு ஒரு புது டேப் வாங்கி வா, ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள். நீங்கள் இருவரும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அப்பா வாயில் பஞ்சோடு, தானும் இரண்டு வரி எழுத வேண்டும் என்று சைகை காட்டுகிறார். இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா