கச்சான் கோது

சான் ஹோசே,
9.11.1997

அன்புள்ள மகள் லக்சனாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். பிளானோவில் குளிர் தொடங்கிவிட்டதா? டோல்வேயில் காரை மெதுவாக ஓடு பிள்ளை. போனில் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு வெண்டல் அங்கிளின் லைசன்ஸ் போய்விட்டது. இரண்டு தரம் நினைவு தப்பி விழுந்தார். அவருக்கு டாக்டர் அப்பாதானே, சட்டப்படி அரசாங்கத்துக்கு அறிவித்துவிட்டார். பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் ஏதாவது செய்திருக்கலாமே என்று கேட்டேன். நாளைக்கு ஒரு குழந்தை மேல் ஏற்றினால் நீயா பதில் சொல்வாய் என்றார். நியாயம்தான். ஆனால் அன்றிலிருந்து அப்பாவும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

அங்கிள் 1950களில் ஊர் ஊராகப் போய் கார் ரேஸ் ஓடிய மனிதர். இண்டியானாபோலிஸ் பெரிய ரேசுக்கு மூன்று முறை போயும் ஒருமுறைகூட முடிக்கவில்லையாம். கடைசித் தரம் கார் தீப்பிடித்து இடது காது கருகியது. அதற்குப் பிறகு டயர் கடை. எனக்கு லைசன்ஸ் கிடைக்கும்வரை உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனவர் அவர்தான். ரேஸ்காரர் இப்படி ஆமை மாதிரி ஓடுகிறாரே என்று நீ அழுவாய்.

குடிவந்த புதிதில் நான் வறுத்த கச்சான் கடலை கொண்டுபோனதும் அவர் பதறிப் பின்வாங்கியது நினைவிருக்கிறதா? காருக்குள் ஒரு கச்சான் கோது கிடந்தாலும் அன்றைக்கு விபத்துத்தான் என்பது ரேஸ்காரரின் நம்பிக்கையாம். ரேசை விட்ட பிறகும், ஸ்டீரிங் பிடிக்கிற காலம் முழுக்கக் கச்சானைத் தொடமாட்டேன் என்றார். புதுக் காரின் டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்குகிற நாங்கள் அதற்குச் சிரிக்க முடியுமா?

நேற்று மாலை வந்தார். அப்பா வாய் திறக்குமுன் அவரே, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று தோளில் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, கச்சான் இருக்கிறதா என்று கேட்டார். நான் விளங்காமல் நின்றேன். இனி என்ன பயம் என்றார். ஒவ்வொன்றாகக் கோதுடைத்து ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார். இவ்வளவு ருசியா, இத்தனை வருடத்தை வீணாக்கிவிட்டேனே என்று சிரித்தார். அப்பா எழுந்து கராஜுக்குப் போய்விட்டார். நான் குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன்.

டிசம்பரில் நத்தார் லீவுக்குக் கட்டாயம் வா. கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டேன், சத்தியம். அங்கிளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, மலைப்பக்கம் போகிற 280 ஃப்ரீவேயில் ஒரு சுற்றுப் போய் வா. காரை நானே கூட்டித் துடைத்து வைப்பேன், ஒரு கச்சான் கோது இருக்காது. அவரிடமும் அதைச் சொல்லு. மெதுவாக ஓடு என்று அன்றைக்கு மட்டும் நான் சொல்லமாட்டேன். பிள்ளையார் உங்களுக்கு முன்னால் போவார்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா வசந்தமலர்