மூன்று நோட்டுகளும் நூற்றுப் பதினேழு சந்தேகங்களும்

மேட்டுப்பட்டி,
திண்டுக்கல்.
18.5.2003

அன்புள்ள அபுதாகிர் பாய்க்கும், இதை அவருக்கு வாசித்துக் காட்டப்போகும் மகள் நசீம் பானுவுக்கும் இருதயநாதனின் ஸலாம்.

நசீம் எழுதிய கடிதம் புதன்கிழமை கிடைத்தது. பாய், உங்களுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். சார்ஜாவில் நல்ல வைத்தியர்கள் இருப்பார்கள் என்று என் வீட்டுக்காரி இஞ்ஞாசியம்மாள் சொல்கிறாள். இங்கே நாங்கள் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் உண்டு. மழை இல்லை. பேகம்பூரில் உங்கள் வீட்டில் குடியிருப்பவர் பின்பக்கச் சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்.

அம்மா நசீம், அத்தாவுக்கு இது வேண்டாம் என்று உனக்குத் தோன்றும் இடம் ஒன்று இதில் வரும். நீ நிறுத்தாமல் வாசிக்க வேண்டும்.

ஜூலையில் ஊருக்கு வரும்போது அத்தாவின் மூன்று நோட்டுகளையும் வாங்கிக்கொள்வதாகவும், மதுரையில் ஓர் அச்சகத்தில் பேசிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த நோட்டுகள் என்னிடம் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்பே அவற்றை நான் எரித்துவிட்டேன்.

வரிசையாகச் சொல்கிறேன். பாய்க்குத் தெரிந்ததும் இதில் வரும், நசீமுக்குத் தெரியாதே என்பதற்காக.

பாய், தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான்கு வருடம் உட்கார்ந்து நீங்கள் எழுதிய நூல் அது. நபிகளுக்குப் பின் வந்த நான்கு கலீபாக்களில் தொடங்கி, டமாஸ்கஸிலிருந்து ஆண்ட உமையாக்கள், பாக்தாதைக் கட்டிய அப்பாஸியர், கடைசியில் 1258-இல் மங்கோலியர் கையில் அந்த நகரம் அழிந்தது வரை எழுதியிருந்தீர்கள். அரபியில் படித்ததைத் தமிழில் எழுதினீர்கள். நான் பள்ளியில் முப்பத்தோரு வருடம் சரித்திரம் நடத்தியவன் என்பதால், திருத்தித் தரும்படி வியாழக்கிழமைதோறும் கொண்டுவருவீர்கள். நான் திருத்தியதைவிடச் சந்தேகம் கேட்டதுதான் அதிகம். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு ஒரு தனி நோட்டில் குறித்து வைப்பேன். “வாத்தியாரே, நான் கலீபாவுக்குக் கலீபா நாட்டைக் கட்டிக்கிட்டு வாரேன், நீங்க பின்னாடியே ஒவ்வொரு கல்லா உருவிக்கிட்டு வாரீகளே” என்று சிரிப்பீர்கள்.

ஒரு முறைதான் சிரிக்கவில்லை. மங்கோலியர் பாக்தாதின் புத்தகங்களை ஆற்றில் எறிந்ததால் டைக்ரிஸ் நதி மை கலந்து கறுத்து ஓடியது என்று எழுதியிருந்தீர்கள். சமகாலச் சான்று உண்டா, இல்லையென்றால் நீக்கலாம் என்று குறித்தேன். இரண்டு வியாழக்கிழமை நீங்கள் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து, “தேடிப் பாத்துட்டேன், நீங்க சொல்றது சரிதான். ஆனா அந்த வரிய எடுக்க மாட்டேன். ஆத்துல போட்டவனா வந்து சாட்சி சொல்லுவான்?” என்றீர்கள்.

1998 ஜனவரியில் நசீமின் பிரசவத்துக்காக நீங்கள் சார்ஜா புறப்பட்டபோது, மூன்று மாதத்தில் வந்துவிடுவேன், அதற்குள் கடைசி அத்தியாயத்தையும் பார்த்து வையுங்கள் என்று நோட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்துத் தந்தீர்கள். நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று நான் கேட்டேன். “உங்க கிட்ட இருந்தா பேங்குல இருக்குற மாதிரி” என்றீர்கள்.

பிப்ரவரி பதினான்காம் தேதி கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்தன. இங்கும் டீக்கடையில், பஸ்ஸில், எங்கள் தெருவில் எல்லாம் அதே பேச்சு. யார் வீட்டுக்கு விசாரணை வந்தது, யாரைக் கூட்டிப்போனார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அதில் எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நாள் எதிர்வீட்டு மொக்கைச்சாமி, “ஏன் வாத்தியாரே, பாய் வச்சுட்டுப் போன பொட்டிக்குள்ள என்னத்த அடைகாக்குறீக? டிக் டிக்னு சத்தம் வருதா, செத்த நேரம் காத வச்சுப் பாருங்க” என்றார். அவர் கேலிக்குத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் வீட்டுக்குள் வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

மேலே இருந்தது மூன்றாவது நோட்டு. அதில் நீங்கள் வரைந்த பாக்தாத் வரைபடம். வட்டமான நகரம், நான்கு வாசல்கள், எந்தப் பக்கமிருந்து படை வந்தது என்று காட்டும் சிவப்பு அம்புகள். பெயர்கள் எல்லாம் அரபியில். நீங்கள் அதை வரைந்தபோது காம்பஸ் பிடித்துக் கொடுத்தவனே நான்தான். அன்றைக்கு அது எனக்கே வேறு ஏதோ திட்டம்போலத் தெரிந்தது. எனக்கே அப்படித் தெரிந்தால் விசாரணைக்கு வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை, பாய். கடைசிவரை எங்கள் வாசலுக்கு யாரும் வரவே இல்லை.

அன்று விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். இஞ்ஞாசி காலைப் பூசைக்குப் போயிருந்தாள். வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கெட்டி நோட்டு முழுதாக எரியாது என்பதால் தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன். முதல் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகவே போட்டேன். அந்த நேரத்திலும் வரிசை பார்த்திருக்கிறேன். வரைபடத்தை மட்டும் கிழித்து எடுத்திருந்தால் போதும் என்ற யோசனை மறுநாள்தான் வந்தது. அன்று மாலைப் பூசையில் சாமியார் என் நெற்றியில் சாம்பலைப் பூசினார். நான் மற்றவர்களைப் போலவே கைகூப்பிக்கொண்டு திரும்பி வந்தேன்.

மூன்று மாதம் என்று போன நீங்கள் பேரப்பிள்ளையோடு அங்கேயே தங்கிவிட்டீர்கள்; பிறகு நான் உங்களுக்கு எழுதிய கடிதங்கள். “இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி”, “ஒரு நூலைப் பார்க்க மதுரைக்குப் போக வேண்டும்”, “கண்ணாடி மாற்ற வேண்டும்”. ஐந்து வருடம் இப்படியே எழுதினேன். நீங்கள் ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தியிருந்தால் முன்பே சொல்லியிருப்பேனோ என்று சில சமயம் நினைப்பேன். இதுவும் பழியை உங்கள்மீது தள்ளும் புத்திதான்.

போன மாதம் தொலைக்காட்சியில், போரில் பாக்தாதின் நூலகம் எரிந்து கிடந்ததைக் காட்டினார்கள். இஞ்ஞாசி “பாவிக, புத்தகம் இவனுகள என்ன செஞ்சுச்சு” என்றாள். நான் எழுந்து வெளியே போனேன்.

அவளுக்கு உண்மை தெரிந்தது முந்தாநாள். நசீம் வருகிறாள் என்றதும் பெட்டியைத் துடைத்து வைக்கச் சாவி கேட்டாள். திறந்து பார்த்துவிட்டு மூடியை மறுபடி சாத்தினாள். பிறகு, “ஒண்ணுமில்லாத பொட்டிக்கா அஞ்சு வருசமாப் பூட்டுப் போட்டு வச்சிருந்தீக? நம்ம வீட்டுல கை நனைச்ச மனுசன். நீங்களா எழுதுறீகளா, நான் யாரையாச்சும் வச்சு எழுதட்டுமா?” என்றாள். இந்தக் கடிதத்துக்கு அந்தக் கேள்விதான் காரணம். என் தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம்.

மிஞ்சியிருப்பது என் சந்தேக நோட்டு ஒன்றுதான். நூற்றுப் பதினேழு சந்தேகங்கள். அரசாங்கக் காரியங்களை அரபிக்கு மாற்றியவர் எந்தக் கலீபா? பாக்தாதில் காகிதம் செய்யத் தொடங்கியது எப்போது? நம் நாட்டு எண்களை அங்கே கொண்டுபோனவர் பெயரை ஏன் எழுதவில்லை? தம் காவலுக்கு வைத்த துருக்கிப் படைவீரர்களுக்கே கலீபாக்கள் பயந்து வாழும்படி ஆனது எப்படி? இப்படிக் கேள்விகளாகவே இருக்கிறது. இரண்டு நாளாக உட்கார்ந்து பார்த்ததில், முப்பத்தொன்பதுக்கு நீங்கள் சொன்ன பதில் நினைவு வந்தது. எழுதிவிட்டேன். மற்றவை வரவில்லை.

உங்களுக்குச் சம்மதம் என்றால் ஒன்று செய்யலாம். தோன்றும்போதெல்லாம் கேசட்டில் பேசி வையுங்கள், எந்த வரிசையிலானாலும் சரி. நான் கேட்டு எழுதுகிறேன். எழுதுகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் அன்றைக்கே இரண்டு நகல் எடுத்து, ஒன்றை நசீமுக்கு அனுப்பிவிடுவேன். இனி எதையும் ஒரே பிரதியாக என்னிடம் வைக்க வேண்டாம். என் கையால் எழுதவே வேண்டாம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொன்னாலும், அந்தச் சந்தேக நோட்டை அந்த ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் கண்களுக்காக இஞ்ஞாசி தினமும் ஜெபமாலை சொல்கிறாள். நானும் பக்கத்தில் முழங்காலிடுகிறேன். எதைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அம்மா நசீம், ஜூலையில் நீ பேகம்பூர் வந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வராமலே திரும்பினால், அது நியாயம்தான். ஆனால் நீ வர வேண்டும். என்னைத் திட்டுவதற்காக வந்தாலும் சரி, உள்ளே வந்து உட்கார்ந்து திட்டிவிட்டுப் போ, தாயே.

என்றும் உங்கள்,
இருதயநாதன்